உதவி எனும் பெயரால்

தவக்காலமும் பொதுத்தேர்வுக் காலமும் நம் மாநிலத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. நெற்றியில் சாம்பல் பூசப்பெற்ற சில நாள்களிலோ சில வாரங்களிலோ நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறைகளுக்குள் நுழைகின்றனர். பங்கு ஆலயங்களில் தேர்வெழுதும் மாணவருக்கெனச் சிறப்புத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. எழுதுகோல்களும் நுழைவுச் சீட்டுகளும் பீடத்தின்முன் வைக்கப்பட, குருவானவர் அவற்றின்மேல் தீர்த்தம் தெளித்து ஆசி வழங்குகிறார். செவ்வாய்தோறும் புனித அந்தோணியார் சுரூபத்தின்முன் மெழுகுதிரிகள் வழக்கத்தைவிட மிகுதியாக எரிகின்றன. வேளாங்கண்ணி அன்னைக்கு நேர்ச்சைகள் நேரப்படுகின்றன. இவை யாவும் நல்லவை, நம்பிக்கையில் பிறந்தவை. இவற்றை நாம் குறைகூறவில்லை.

ஆயினும், ஆசி பெற்ற அந்த எழுதுகோல் தேர்வு அறையில் எதை எழுதப்போகிறது என்னும் கேள்வியை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கேட்கிறோம்? தான் கற்றதையா? சட்டைக் கைமடிப்பில் ஒளித்துக் கொண்டுசென்ற துண்டுத்தாளில் உள்ளதையா? முன்வரிசை மாணவனின் விடைத்தாளில் கண்டதையா? அல்லது மனமிரங்கிய பெரியவர் ஒருவர் காதருகே சொல்லிச் சென்றதையா?

தேர்வில் 'காப்பி அடிப்பது' பற்றிப் பேச்செழுந்தால் நாம் உடனே மாணவரைச் சாடத் தொடங்கிவிடுகிறோம். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமில்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது, திரைப்படம் கெடுத்துவிட்டது என்கிறோம். இம்மாதம் அந்தப் பல்லவியை ஒதுக்கிவைத்து, வேறொரு பக்கத்தைப் பார்க்க விழைகிறோம். பள்ளிப் பிள்ளைகளின் நேர்மைக் குறைவில் ஒரு பெரும் பங்கு, பெரியவர்கள் அன்பினால் உந்தப்பட்டு 'உதவி' எனும் பெயரால் செய்வதாகும். தீய நோக்கத்தோடு செய்யப்படாததால்தான் அது குற்றமாகவே நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

வீட்டு மேசையில் தொடங்குவது

ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். மறுநாள் காலையில் நிலப்படம் ஒன்று வரைந்துகொண்டு போக வேண்டும் என்பது அவனுக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் நினைவுக்கு வருகிறது. அழத் தொடங்குகிறான். அக்காள் படத்தை வரைகிறாள். தந்தை வண்ணம் தீட்டுகிறார். தாய் அதற்குள் அவனை உறங்க வைத்துவிடுகிறார். மறுநாள் அப்படத்திற்கு ஆசிரியர் 'மிக நன்று' என்று எழுதித் தருகிறார். வீடே மகிழ்கிறது.

இது சிறிய செய்திதானே என்று தோன்றும். ஆனால் அச்சிறுவன் அன்றிரவு மூன்று பாடங்களைக் கற்றுக்கொண்டான். செய்ய வேண்டியதைச் செய்யாவிடினும் அழுதால் போதும் என்பது ஒன்று. பிறர் உழைப்பின்மேல் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பது இரண்டு. இதனை அப்பா, அம்மா தவறாகக் கருதுவதில்லை என்பது மூன்று. புவியியலை மட்டும் அவன் கற்கவில்லை.

அவன் வளர வளர உதவியும் வளர்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கான மாதிரிப் பொருள் கடையில் விலைக்கு வாங்கப்படுகிறது. மேனிலை வகுப்பில் செய்முறைப் பதிவேடு, அதாவது மாணவர் வாயில் வழங்கும் 'ரெக்கார்டு நோட்டு', அண்டை வீட்டுக் கல்லூரி மாணவியிடம் கூலிக்கு எழுதக் கொடுக்கப்படுகிறது. ஊசலை ஒருமுறையேனும் ஆட்டிப் பாராமலே அதன் அலைவு நேரம் அட்டவணையில் நிரப்பப்படுகிறது. இப்பொழுது கூலியும் வேண்டுவதில்லை. கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் கட்டுரையும் கணக்கும் நொடிப்பொழுதில் வந்துவிடுகின்றன.

வத்திக்கானிலிருந்து 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளிவந்த 'ஆந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடு, செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. கல்வியைக் குறித்துப் பேசுமிடத்தில், மாணவர் தாமே விடையைத் தேடி அடையவும் தாமே எழுதவும் தூண்டாமல், விடையை மட்டும் கையில் கொடுத்துவிடும் கருவிகளைப் பற்றி அது எச்சரிக்கிறது. கருவியைத் திருச்சபை வெறுக்கவில்லை. தேடும் உழைப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுவதையே அது ஏற்கவில்லை. இவ்வெச்சரிக்கை செயலிகளுக்கு மட்டுமன்று, அக்காள், அண்ணன், அப்பா, அம்மாவாகிய உதவியாளர்களுக்கும் பொருந்தும்.

அப்படியானால் பிள்ளைக்கு உதவவே கூடாதா? உதவாத பெற்றோர் என்ன பெற்றோர்! பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்பதை 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் தெளிவாக எடுத்துரைத்தது. உதவி எது, உதவிபோல் தோன்றும் கேடு எது என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. உதவி முடிந்தபின் அந்த வேலையைத் தானே செய்யப் பிள்ளைக்கு வருகிறதா என்று பாருங்கள். நடைவண்டி குழந்தைக்கு நடையைக் கற்பிக்கிறது. எந்நேரமும் இடுப்பில் சுமந்துகொண்டே திரிந்தால் கால்கள் துவண்டுபோகும். சுமப்பவளுக்கு அன்பு குறைவென்று எவரும் சொல்லார். ஆனால் குழந்தை நடக்கவில்லை.

ஒரு மதிப்பெண் கணக்கு

தேர்வு அறையில் நடைபெறும் உதவிகளுள் மிகவும் பரவலாகப் பேசப்படுவது 'ஒரு மதிப்பெண் விடை சொல்லித் தருதல்' ஆகும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் அவை. ஒரு சொல், ஓர் எழுத்து, ஒரு விரலசைவு போதும். 'பாவம், பிள்ளைகள் தேறிவிட்டுப் போகட்டும்' என்று சிலர் இதனைப் புண்ணியச் செயலாகவே எண்ணுகின்றனர்.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் குறைந்தது 15-உம், மொத்தத்தில் 35-உம் வேண்டும். செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் தாராள மனத்தோடு முழு மதிப்பெண் வழங்கப்பட்டு, பதினைந்து விடைகளும் சொல்லித் தரப்படுமாயின், அம்மாணவன் 45 மதிப்பெண் பெற்றுத் தேறிவிடுவான். இயற்பியலைப் பற்றி ஒரு முழு வாக்கியம்கூட அவன் எழுதியிருக்க வேண்டுவதில்லை.

அதன்பின் நிகழ்வது யாது? மகன் தேறிவிட்டான் என்று இனிப்பு வழங்குகிறோம். கடன் வாங்கிப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கிறோம். அங்கே முதற் பருவத்திலேயே கணிதமும் இயற்பியலும் அவன்முன் மலைபோல் நிற்கின்றன. அங்கே காதருகே சொல்வார் இல்லை. ஒரு பாடம் இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, 'அரியர்' என்னும் சுமை சேர்கிறது. நான்கு ஆண்டுகள் கழிந்தும் பட்டம் கைக்கு வரவில்லை; கடன் மட்டும் வளர்ந்திருக்கிறது. 'நம் பையன் பிளஸ் டூவில் நன்றாகத்தானே படித்தான்' என்று பெற்றோர் கலங்குகின்றனர். அவன் படிக்கவில்லை என்பதை அன்றே நமக்குச் சொல்லியிருக்க வேண்டிய மதிப்பெண் சான்றிதழ், உதவியின் காரணமாக உண்மையைச் சொல்லாமற் போயிற்று. காய்ச்சல் இருப்பதைக் காட்டாத வெப்பமானியை எந்தத் தாயாவது விரும்புவாளா?

பெரியவர்களின் கை இதில் எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இரு சான்றுகளைத் தந்தது. பீகார் மாநிலம் வைசாலி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடைபெற்ற பள்ளிக் கட்டடத்தின் மாடிச் சுவர்களில் உறவினர்கள் தொற்றி ஏறிச் சன்னல் வழியே துண்டுத்தாள்களை நீட்டிய படம், நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. அதே மாதத்தில் நம் ஓசூரில் தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித வினாத்தாளைக் கண்காணிப்புப் பணியிலிருந்த ஆசிரியர்கள் கைப்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்ஆப் வழியாகச் சக ஆசிரியர்களுக்கு அனுப்பியது வெளிப்பட்டு, அவர்கள் கைது செய்யப்பட்டனர். வடக்கே சுவரேறியவர்களைக் கண்டு நகைத்த நமக்கு, சுவரேறாமலே அதனைச் செய்யலாம் என்று நம் ஊரே காட்டியது.

நடுவண் அரசு 2024-ஆம் ஆண்டு இயற்றி, அவ்வாண்டு சூன் 21 முதல் நடைமுறைப்படுத்திய பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டமும் நம் சிந்தனைக்குரியது. நடுவண் அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கான சட்டம் அது. முறைகேடு செய்வோருக்கு மூன்று முதல் ஐந்தாண்டுச் சிறையும், கூட்டுச் சேர்ந்து திட்டமிட்டுச் செய்வோருக்கு ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தண்டமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் தேர்வெழுதும் மாணவரை அச்சட்டத்தின் தண்டனைகள் தொடுவதில்லை. அவர்களைத் தேர்வு விதிகளே பார்த்துக்கொள்ளும். தேர்வைக் கெடுக்கும் பெரியவர்களையே அச்சட்டம் குறிவைக்கிறது.

ஒரு தாயின் உதவி

மறைநூலில் ஆள்மாறாட்டத்தால் பெறப்பட்ட ஆசி ஒன்று உண்டு. தொடக்கநூலின் 27-ஆம் அதிகாரத்தை இத்தவக்காலத்தில் குடும்பமாக அமர்ந்து வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

கண் மங்கிய முதியவர் ஈசாக்கு மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி வழங்க விழைகிறார். அதனை இளைய மகன் யாக்கோபு பெறவேண்டும் என்பது தாய் ரெபேக்காவின் ஆசை. எண்ணம் தாயினுடையது, சமையல் தாயினுடையது, மூத்தவனின் உடையை எடுத்து இளையவனுக்கு உடுத்தியதும், ஆட்டுத்தோலை அவன் கைகளிலும் கழுத்திலும் போர்த்தியதும் தாயின் கைகளே. மகன் அஞ்சித் தயங்குகிறான். அகப்பட்டால் ஆசிக்குப் பதில் சாபமல்லவா வரும் என்கிறான். அச்சாபம் தன்மேல் விழட்டும் என்று கூறி அவனை அனுப்பிவைக்கிறாள் தாய். இன்று எத்தனை இல்லங்களில் இதே பேச்சு நடைபெறுகிறது! 'நீ போ, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கூறாத பெற்றோர் எத்தனை பேர்!

முடிவையும் மறைநூல் மறைக்கவில்லை. ஏமாற்றப்பட்ட அண்ணனின் சினத்துக்கு அஞ்சி யாக்கோபு வீட்டைவிட்டு ஓட நேர்ந்தது. சில நாள்களுக்குத்தான் என்று சொல்லியே ரெபேக்கா மகனை அனுப்பினாள். அவள் அவனை மீண்டும் கண்டதாக மறைநூலில் எங்கும் காணப்படவில்லை. யாக்கோபோ, மாமன் லாபான் வீட்டில், ராகேலுக்காக ஏழாண்டு உழைத்தபின் ராகேலுக்குப் பதிலாக லேயாவைப் பெற்று, ஆள்மாறாட்டத்தின் கசப்பைத் தானே சுவைத்தான். இறைவன் அவனைக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் தாயின் உதவிக்கு அவன் கொடுத்த விலை இருபது ஆண்டு.

மருத்துவ நுழைவுத்தேர்வைத் தமக்குப் பதிலாகப் பிறரைக்கொண்டு எழுதுவித்ததாகத் தமிழகத்து மாணவர் சிலர்மீது 2019-ஆம் ஆண்டு வழக்குத் தொடரப்பட்டபொழுது, மாணவரோடு தந்தையரும் கைது செய்யப்பட்டதை நாடு கண்டது. ரெபேக்காவின் கதை பழங்கதையன்று.

யாருடைய இடம்?

'என் பிள்ளை நான்கு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றால் யாருக்கு என்ன நட்டம்?' என்று கேட்போர் உண்டு. நட்டப்படுகிறவன் கண்முன் இல்லாததால் எழும் கேள்வி இது.

பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. இயற்பியலில் ஐந்து விடைகள் சொல்லித் தரப்பட்டால் அக்கணக்கில் இரண்டரை மதிப்பெண் ஏறுகிறது. இலட்சக்கணக்கானோர் நிற்கும் வரிசையில், ஒரே மதிப்பெண் பெற்றவர்களைப் பிரிக்கப் பிறந்த நாள்வரை பார்க்கிறார்கள். அங்கே இரண்டரை மதிப்பெண் என்பது ஒரு பெருங்கூட்டத்தைத் தாண்டி முன்செல்வதாகும். அக்கூட்டத்தில் யாரோ ஒரு சிற்றூர்ப் பெண், வீட்டு வேலைகளை முடித்தபின் தெருவிளக்கில் படித்தவள், தான் விரும்பிய கல்லூரியை அரை மதிப்பெண்ணில் இழக்கிறாள். தன் இடத்தை எடுத்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. எடுத்தவனுக்கும் அவளைத் தெரியாது. இறைவனுக்கு இருவரையும் தெரியும்.

ஆகவேதான் தேர்வில் செய்யும் வஞ்சனை எட்டாம் கட்டளையோடு நின்றுவிடுவதில்லை. பொய் சொல்வதோடு, பிறர்க்குரியதை எடுத்துக்கொள்வதால் ஏழாம் கட்டளையையும் அது மீறுகிறது. களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏற்பட்ட தீங்கை இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்பது நம் மறை போதிக்கும் நீதி. சக்கேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்றதும், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்ததை லூக்கா நமக்குச் சொல்கிறார். பணத்தைத் திருப்பலாம், மதிப்பெண்ணை எவ்வாறு திருப்புவது? வகுப்புத் தேர்வாயின் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி மறுபடி எழுதலாம். பொதுத்தேர்வில் இழந்தவளைத் தேடிக் காண இயலாது. இதனை எண்ணிப் பார்த்தாலே, செய்வதற்குமுன் கை தயங்கும். செய்துவிட்டவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் மனந்திறந்து, இயன்ற ஈடு எதுவென்று கேட்டறிவதே வழி.

எழும் மறுப்புரைகள்

'எல்லாரும் செய்கிறார்கள், நம் பிள்ளை மட்டும் நேர்மையாயிருந்து பின்தங்க வேண்டுமா?' என்பது முதல் மறுப்பு. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில், சிறுவயதில் விளையாட்டில் வெல்வதற்காகத் தாம் வஞ்சகம் செய்ததையும், பிறர் அதையே தம்மிடம் செய்தபோது சினந்ததையும் நினைவுகூர்கிறார். தோழரோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதையும் சொல்கிறார். தனித்திருந்தால் அதனைத் தாம் செய்திருக்கமாட்டார் என்பது அவரது முடிவு. 'எல்லாரும்' என்பது பாவத்தை நியாயமாக்கும் சொல்லன்று. அதனை எளிதாக்கும் சொல் மட்டுமே என்பதை அறிந்து எழுதியவர் அவர்.

'குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே' என்று படித்தவர் சிலர் கேட்பர். வள்ளுவர் இட்ட நிபந்தனையைச் சற்று உற்று நோக்குக. நன்மை மட்டும் போதாது. அது குற்றமற்றதாயிருக்க வேண்டும். ஒருவனை உயர்த்தி, அவனுக்கே தெரியாத இன்னொருத்தியைத் தாழ்த்தும் நன்மை குற்றமற்றதாகாது.

மூன்றாவது மறுப்பே கனமானது. அதனை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 'கூலி வேலை செய்வோரின் பிள்ளை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை. தோற்றுவிட்டால் மகளாயின் திருமணம் செய்து அனுப்பிவிடுவார்கள். மகனாயின் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து விடை சொல்லிக்கொடுத்தால் ஒரு வாழ்வு பிழைக்கிறதே, இது பாவமா?' என்று நல்லுள்ளம் படைத்த ஆசிரியர் கேட்கிறார்.

அந்த ஆசிரியரின் இரக்கம் உண்மையானது. ஆனால் அது மார்ச்சுத் திங்களில் வந்து சேர்கிறது. சூன் திங்களிலேயே வந்திருக்க வேண்டும். அப்பிள்ளைக்குத் தேவைப்பட்டது பத்து மாதங்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவர். அதனைத் தராமல் இறுதி நாளில் விடையைத் தருவது, பசித்தவனுக்கு உணவளிக்காமல் 'உண்டான்' என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பதைப் போன்றது. இவ்விடத்தில் குற்றம் ஆசிரியரை மட்டும் சார்ந்ததன்று. நம் பங்குகளில் மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கும் அரங்குகள் எத்தனை! பட்டம் பெற்று ஓய்வாக இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! ஓர் அன்பியம் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு, வாரத்தில் மூன்று மாலைகள் அவர்களுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க முன்வந்தால், வின்சென்ட் தே பவுல் சபையார் விளக்குக்கும் சிற்றுண்டிக்கும் பொறுப்பேற்றால், மார்ச்சுத் திங்களில் எவரும் காதருகே எதையும் சொல்ல வேண்டியிராது. நேர்மையைப் பற்றி ஏழைப் பிள்ளைக்கு அறிவுரை கூறுமுன், நேர்மையாகத் தேறும் வாய்ப்பை அப்பிள்ளைக்குத் தந்தோமா என்று பங்குச் சமூகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோல்வி ஒன்றும் உலகின் முடிவன்று என்பதையும் அவ்வீடுகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். மார்ச்சில் தவறியவர், அதே ஆண்டில் சில மாதங்களுக்குள் துணைத்தேர்வு எழுதித் தேறி, அவ்வாண்டே மேற்படிப்பில் சேரலாம். இச்செய்தி தெரியாமலே எத்தனையோ பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது.

நம் பள்ளிகளைப் பற்றி

மாநிலத்தில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017-ஆம் ஆண்டு நிறுத்தியது. பிள்ளைகளின் மனச்சுமை குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் பள்ளிகளுக்கிடையே 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்னும் போட்டி ஓயவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளின் வாயில்களிலும் அப்பதாகைகள் தொங்குகின்றன.

நூறு விழுக்காடு உழைப்பினால் வந்ததாயின் இறைவனுக்கு நன்றி கூறுவோம். மாலை ஏழு மணிவரை பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பிக்கும் அருட்சகோதரிகளையும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். ஆனால் அவ்வெண்ணிக்கைக்காக, படிப்பில் பின்தங்கிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழோடு வெளியே அனுப்பப்படுமாயின், அல்லது தேர்வு அறையில் கண்கள் சற்றே மூடிக்கொள்ளுமாயின், அந்நூறு யாருடைய மகிமைக்கு? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் பெயரால் நடைபெறும் பள்ளிகள் அவை. அந்த ஒன்றை வெளியேற்றிவிட்டுக் கணக்கை முழுமையாக்குவது அவருடைய வழியன்று. எந்தப் பள்ளியையும் நாம் சுட்டவில்லை. பள்ளி நிர்வாகிகள் மட்டுமல்லர், பதாகையைப் பார்த்தே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் இதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பிள்ளை அகப்பட்டுக்கொண்டால்

நல்ல குடும்பத்துப் பிள்ளையும் தவறக்கூடும். பறக்கும் படையிடமோ வகுப்பாசிரியரிடமோ அகப்பட்ட செய்தி வீட்டுக்கு வரும்பொழுது, பெற்றோர் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். பெல்ட்டைக் கழற்றுகின்றனர், அல்லது செல்வாக்குள்ளவரைத் தேடி ஓடுகின்றனர். முன்னது பிள்ளைக்கு அச்சத்தை மட்டும் கற்பிக்கும். பின்னது அடுத்த முறை அகப்படாமல் செய்யும் வழி உண்டு என்பதைக் கற்பிக்கும். சில வீடுகளில் இரண்டும் ஒரே நாளில் நடைபெறுகின்றன.

முதலில் பிள்ளையை அமர்த்தி, எதற்கு அஞ்சி இதைச் செய்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை நம்மிடமே வந்து முடியும். 'எண்பதுக்குக் குறைந்தால் வீட்டுக்கு வராதே என்றீர்களே' என்று அது சொல்லக்கூடும். சித்தப்பா மகனோடு ஒப்பிட்டுப் பேசிய பேச்சுகளை எல்லாம் எடுத்துச் சொல்லக்கூடும். அதனைக் குறுக்கிடாமல் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அதன்பின், பிள்ளையோடு நாமும் பள்ளிக்குச் சென்று, உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, பள்ளியோ தேர்வுத்துறையோ விதிக்கும் தண்டனையை ஏற்கச் செய்ய வேண்டும். ஓராண்டு போயினும் போகட்டும். அந்த ஓராண்டில் பிள்ளையின் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரிந்தால் போதும். தவறை ஏற்றுக்கொண்ட பின்னும் தன்னைத் தள்ளாத வீட்டைக் கண்ட பிள்ளைக்கு, ஊதாரி மைந்தனின் தந்தையைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் விளக்கவேண்டிய தேவை இராது.

நண்பனுக்கு விடைத்தாளைக் காட்ட மறுத்ததற்காகத் தனிமைப்படுத்தப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் நாம் தாங்க வேண்டும். 'தேர்வில் காட்டமாட்டேன், ஆனால் இன்று மாலை என் வீட்டுக்கு வா, சொல்லித் தருகிறேன்' என்று கூறக் கற்பியுங்கள். அவ்வாறு வரும் தோழனுக்கு ஒரு குவளைத் தேநீரும் கொடுங்கள்.

என்ன வேண்டுவோம்?

தேர்வெழுதுவோரின் பாதுகாவலராகப் போற்றப்படுபவர் இத்தாலி நாட்டுக் குப்பெர்த்தினோ நகர்ப் புனித யோசேப்பு (1603-1663). படிப்பில் மிகவும் பின்தங்கியவர் அவர். குருத்துவப் பயிற்சியின்போது ஆயர் முன் தேர்வுக்கு நின்றபொழுது, தாம் நன்கு அறிந்திருந்த ஒரே மறைநூற் பகுதியே கேட்கப்பட, அதனைத் தெளிவாக விளக்கினார் என்று வரலாறு கூறுகிறது. பலரும் இதனைக் கேட்டு, 'எனக்கும் தெரிந்த வினாவே வரட்டும்' என்று வேண்டிக்கொள்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அவர் ஒன்றையாவது உண்மையாகவே கற்றிருந்தார் என்பதையும், தெரியாததைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்வோம்.

இவ்வாண்டு பிள்ளையின் எழுதுகோலை ஆலயத்துக்கு எடுத்துச் செல்லும் பெற்றோர், அதற்கு முந்தைய இரவு ஒரு சொல்லை வீட்டில் சொல்லிவிடுவார்களாக: 'நீ அறிந்ததை எழுது. அறியாததை விட்டுவிடு. மதிப்பெண் எவ்வளவாயினும் இந்த வீட்டில் உன் தட்டில் சோறு குறையாது, உன்மேல் எங்கள் அன்பும் குறையாது.' இதனைச் சொல்லிவிட்டு, முடிவு வெளியாகும் நாளில் அச்சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். உறவினர் கூடியிருக்கும் வேளையில், எண்ணைக் கேட்டு முகம் சுளிக்காதிருப்பது எளிதன்று. அதற்கான அருளையும் இத்தவக்காலத்திலேயே வேண்டிப் பெற்றுக்கொள்வோம்.